போல்கா யாரோட சொத்து? (சான் அன்டோனியோ, அக்கார்டியன், சிக்கானோ இத்யாதி)

வாசகர் கேள்வி, 11 மே 2025

"போன வாரம் சான் அன்டோனியோ வந்திருந்தேன். ஒரு பார்க்ல அக்கார்டியன் வாசிக்க, ஜோடி ஜோடியா வட்டமா ஆடிட்டு இருந்தாங்க. கேட்டா இது எங்க அடையாளம், எங்க வேர்னு சொல்றாங்க. என் காதுக்கு அது பச்சை ஜெர்மன் போல்கா, ஜோடியா ஆடறதுக்கு வாசிக்கற அந்த வேகமான தாளம். அதுமேல ஸ்பானிஷ் வரிய ஒட்டிட்டா அடையாளம் ஆயிடுமா? சிக்கானோ கலை (மெக்சிகன் வம்சாவளி அமெரிக்கங்களோடது), பார்டர் கலைன்னு மியூசியத்துல பெருசா எழுதி வெச்சிருக்கறதும் இதே கதைதானா? அங்கயே இருக்கறவங்க யாராவது சொல்லுங்க."

12 மே, இரவு 11.40

பதினோரு வருஷமா இந்த ஊர்லதான் குப்ப கொட்டறேன், அதனால நானே ஆரம்பிக்கறேன். நீங்க பாத்தது கொன்ஹுன்தோ, தெற்கு டெக்சஸ் மெக்சிகன் ஜனங்களோட அக்கார்டியன் இசை. போல்காதான், அதுல சந்தேகமே இல்ல, வாசிக்கறவங்களே போல்கான்னுதான் சொல்வாங்க, யாரும் மறைக்கல. 1800கள்ல ஜெர்மன்காரங்க, செக், போலந்துக்காரங்க எல்லாம் டெக்சஸ்ல வந்து பண்ணை வெச்சாங்க, கூடவே பட்டன் அக்கார்டியனும் வந்துச்சு. ஒரு ஆள், ஒரு பெட்டி, ஒரு கல்யாணத்தையே ஓட்டிடலாம். பஞ்சு எடுக்கற மெக்சிகன் கூலிக்காரனுக்கு இதவிட தோதான வாத்தியம் வேற என்ன இருக்கு.

ஆனா ஒண்ணு கேக்கறேன், வாசிக்கறவரோட இடது கைய கவனிச்சீங்களா? அந்தப் பெட்டில வலது கை பக்கம் பாட்டு, இடது கை பக்கம் பேஸ். ஜெர்மன்காரர் ரெண்டு கையையும் போட்டு வாசிப்பார், அந்த "ஊம்-பா" சத்தமே இடது கைதான். 1930கள்ல நார்சிஸோ மார்ட்டினெஸ்னு ஒருத்தர், மெக்சிகோ எல்லைல ஓடற ரியோ கிராண்டே ஆத்தங்கரை ஆள், அக்கார்டியன் வாசிப்பார், அவரோட சாந்தியாகோ அல்மெய்டா பாஹோ செஸ்தோ வாசிச்சார், அது பன்னெண்டு கம்பி, ஜோடி ஜோடியா ஆறு, கிடார விட கனமான சத்தம். பேஸ் வேலைய அல்மெய்டா பாத்துக்கிட்டதால நார்சிஸோ இடது கைய கிட்டத்தட்ட விட்டுட்டார். வலது கை மட்டும். பாட்டு துள்ள ஆரம்பிச்சுது, சுரம் ஒவ்வொண்ணும் தனித்தனியா பொரிகடலை மாதிரி தெறிக்கும். 1936ல ரெக்கார்ட் வந்துச்சு. அதுக்கப்புறம் தெற்கு டெக்சஸ்ல வாசிச்சவங்க எல்லாருமே ஏறக்குறைய அந்த வழிதான்.

ஸ்பானிஷ் வரி ஒட்டினதுங்கறீங்களே, நார்சிஸோவோட பேர் வாங்கின ரெக்கார்ட்ல பாதிக்கு மேல வரியே கிடையாது.

13 மே, காலை 7.15

ராத்திரி தூக்கக் கலக்கத்துல எழுதினதுல ஒரு திருத்தம். அக்கார்டியன் டெக்சஸ் ஜெர்மன்காரங்க மூலமா மட்டும் வரல, மெக்சிகோ பக்கம் மான்டெர்ரேலயும் ஜெர்மன்காரங்க இருந்தாங்க, அந்த வழியாவும் வந்துச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இதுக்கு நோர்தெஞோன்னு பேர், ஒட்டிப் பொறந்த பங்காளி. நார்சிஸோவே 1911ல ரெய்னோசால, அதாவது மெக்சிகோ கரைல பொறந்தவர், கைக்குழந்தையா இந்தக் கரைக்கு வந்தார்.

இன்னொண்ணு, இது உங்க கேள்விக்கே நேரா வர்றது. ரெக்கார்ட் கம்பெனிக்காரன் நார்சிஸோ வாசிச்சத கேஜுன் ஜனங்களுக்கு (லூசியானால இருக்கற பிரெஞ்சு வம்சாவளி) "லூசியானா பீட்"னு லேபிள் ஒட்டி வித்தான். போலந்துக்காரங்களுக்கு "போல்ஸ்கி குவார்ட்டெட்"னு வித்தான். இருந்ததே ரெண்டு பேர், அதுல நாலு பேர் கணக்கு! போலந்துக்காரங்களும் நம்ம ஊர் மாதிரியே இருக்கேன்னு வாங்கிட்டுப் போனாங்க. அப்ப அந்தத் தட்டு யாரோட அடையாளம்? இதுக்கு என்கிட்ட பதில் இல்ல, சிரிப்புதான் வருது. அந்த மனுஷன் வயசான காலத்துல ப்ரவுன்ஸ்வில் ஜூல மிருகங்களுக்கு தீனி போடற வேலை பாத்தார், அத நினைச்சா சிரிப்பு நின்னுடுது.

15 மே

தனி மெசேஜ்ல ஒருத்தர்: "ஆர்மோனியம் மாதிரிதானே?" இல்லீங்க. ஆர்மோனியத்துல கட்டைய அமுக்கினா ஒரே சுரம். இதுல துருத்திய இழுத்தா ஒரு சுரம், தள்ளினா வேற சுரம், அதே பட்டன். நான் கத்துக்க போனேன், அந்த அவமானம் பின்னால வருது.

18 மே, ஞாயிறு

பக்கத்து வீட்டு தாத்தா பத்தி சொல்லணும், ஏன்னா முதல் நாள் நான் எழுதினதுல ஒரு வார்த்தை தப்பா விழப் பாத்துச்சு, அத அவர்கிட்ட சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அவருக்கு எண்பதுக்கு மேல. ஞாயித்துக்கிழமை பார்பகோவா கறி, பிக் ரெட் சோடா, அப்புறம் பின்வாசல்ல பாஹோ செஸ்தோ, இது மாறவே மாறாது. என்ன மிஹான்னு கூப்பிடுவார், நம்மூர் "அம்மாடி" மாதிரி. இன்னைக்கு நான் பெருமையா, "எங்க ஆளுங்க கேக்கறாங்க, சிக்கானோ இசைய பத்தி எழுதிட்டு இருக்கேன்"னேன். கைய நிறுத்திட்டார். "நான் சிக்கானோ இல்ல. மெஹிகானோ. எங்கப்பாவும் மெஹிகானோ."

சரி அப்ப மெக்சிகோவான்னா, அங்க அவர் ஒரு நாள் கூட குடியிருந்தது இல்ல. டெக்சஸ் எல்லையோர ஸ்டார் கவுண்டில பரம்பரையா மாடு மேய்ச்ச குடும்பம், 1848ல அமெரிக்கா-மெக்சிகோ சண்டை முடிஞ்சு உடன்படிக்கை போட்டு ஆத்த எல்லையாக்கினப்ப கொள்ளுத்தாத்தா காலத்து வீடு அதே இடத்துலதான் இருந்துச்சு, நாடுதான் காலடில மாறிச்சு. "நாங்க எல்லைய தாண்டல, எல்லைதான் எங்கள தாண்டிச்சு"ன்னு இங்க சட்டைல அச்சடிச்சு விக்கறாங்க, எனக்கு அது ஸ்லோகன் மாதிரிதான் இருந்துச்சு இவர பாக்கற வரைக்கும்.

சிக்கானோங்கறது அவர் சின்ன வயசுல ஒரு மட்டமான வார்த்தை, படிக்காதவன், நாகரிகம் தெரியாதவன்னு சொந்தக்காரங்களே ஏசறது. 1960கள் கடைசில காலேஜ் பசங்க அத எடுத்து ஆமா நாங்க அதுதான்னு மார்ல குத்திக்கிட்டாங்க. அவருக்கு அப்பவே முப்பது கிட்ட, கல்யாணம் ஆயாச்சு, வார்த்தை அவர விட்டு தள்ளிப் போயிடுச்சு. நியூ மெக்சிகோ வடக்குப் பக்கம் போனா இந்த ரெண்டும் இல்லாம ஹிஸ்பானோம்பாங்க. வேர், அடையாளம்னு உங்ககிட்ட சொன்னவர் எந்த வயசு? அது தெரிஞ்சா அவர் எந்த வார்த்தைய சொல்வார்னு பாதி சொல்லிடலாம்.

18 மே, இரவு

இன்னும் ஒண்ணு சொன்னார், அது என் மொத்த பதிலையும் கவுத்துடுச்சு. அவங்கம்மா அக்கார்டியன வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்களாம். சாராயக்கடை வாத்தியம்! கொஞ்சம் வசதியான மெக்சிகன் குடும்பங்க எல்லாம் ஆர்கெஸ்டாதான் கேப்பாங்க, சாக்ஸபோன், ட்ரம்பெட், கோட்டு சூட்டு. கொன்ஹுன்தோ கூலிக்காரங்களோடது. அதாவது "எங்க வேர்"னு இப்ப எல்லாரும் கட்டிப்பிடிக்கறத அந்த சமூகத்துல ஒரு பாதி மூக்க பிடிச்சுக்கிட்டு தாண்டிப் போச்சு.

1982ல இந்த ஊர் குவாடலுப்பே கல்ச்சுரல் ஆர்ட்ஸ் சென்டர்ல தெஹானோ (டெக்சஸ் மெக்சிகன்) கொன்ஹுன்தோ விழா ஆரம்பிச்சாங்க, அத முன்னால நின்னு நடத்தினவர் ஹுவான் தெஹேதா, சிக்கானோ இயக்கத்துல ஊறினவர், தானும் அக்கார்டியன் வாசிப்பார். தாத்தா வார்த்தைல, "அந்தப் பசங்க வந்துதான் எங்க பாட்டு நல்ல பாட்டுன்னு எங்களுக்கே சொன்னாங்க." இத கிண்டலா சொன்னாரா நன்றியா சொன்னாரான்னு எனக்கு இப்ப வரைக்கும் பிடிபடல. ஆக கேள்வி கேட்டவர் சார், உங்க சந்தேகத்துல கால்வாசி நியாயம் இருக்கு. அடையாளம்கறது பின்னால உக்காந்து தேர்ந்தெடுத்ததும்தான். ஆனா ஒட்டுப்போட்ட போல்காவ தேர்ந்தெடுக்கல, நாப்பது அம்பது வருஷம் ஆடித் தேய்ச்சத தேர்ந்தெடுத்தாங்க.

20 மே

பேத்தி கதை. தாத்தாவோட பேத்தி யுனிவர்சிட்டில படிக்கறா, யார் கேட்டாலும் ஒரே மூச்சா "நான் சிக்கானா"ம்பா. ஸ்பானிஷ் வராது. தாத்தாவுக்கு அந்த வார்த்தை ஆகாது, பேத்திக்கு அந்த மொழி ஆகல, ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல சண்டை போடுவாங்க.

ஏன் வரல? தாத்தா ஸ்கூல்ல ஸ்பானிஷ் பேசினா மரப்பலகையால பின்னால சாத்துவாங்க. டெக்சஸ்ல அது ஊருக்கு ஊர் நடந்தது. மார்ஃபான்னு ஒரு ஊர்ல பிளாக்வெல் ஸ்கூல்னு மெக்சிகன் பிள்ளைங்களுக்குன்னு தனியா இருந்த பள்ளிக்கூடம், 1954ல அங்க பிள்ளைங்கள ஸ்பானிஷ் வார்த்தைங்கள சீட்டுல எழுதச் சொல்லி, பெட்டில போட்டு, குழி தோண்டி புதைக்க வெச்சாங்க. மொழிக்கு சவ அடக்கம், பிள்ளைங்க கையாலயே. இப்ப அந்தக் கட்டிடம் தேசிய வரலாற்றுத் தலம். அடி வாங்கினவர் தன் பிள்ளைங்க அடி வாங்கக்கூடாதுன்னு வீட்ல இங்கிலீஷ் பேசினார், அது பேத்தில வந்து முடிஞ்சுது.

மெக்சிகோல இருந்து வர்றவங்க இந்த மாதிரி பிள்ளைங்கள "போச்சோ"ம்பாங்க, வெளுத்துப்போனதுன்னு கேவலமா. நம்ம காதுக்கு அது கேள்வியாவே விழுது பாருங்க: மொழி போச்சோ?

பாடகி செலினா கூட அப்படித்தான். கார்பஸ் கிறிஸ்டில வளந்த பொண்ணு, ஸ்பானிஷ் சரியா வராம, அப்பா சொல்லச் சொல்ல சத்தத்த மனப்பாடம் பண்ணி பாட ஆரம்பிச்சா. தெஹானோ மொத்தமும் அவ பின்னால நின்னுச்சு. 1995ல போய்ச் சேர்ந்தப்ப வயசு 23.

20 மே, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல எழுதினத படிச்சுட்டு ஒருத்தர், "நம்ம பிள்ளைங்க தமிழும் இப்படித்தான் போகுது"ன்னு உருகியிருக்கார். இல்லீங்க, அத ஒத்துக்க மாட்டேன். என் பொண்ண யாரும் பலகையால அடிக்கல. எங்க வீட்ல தமிழ் போனது என் சோம்பேறித்தனத்தால, ஆபீஸ் விட்டு வந்த களைப்புல "ஓகே ஓகே"ன்னதால. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சா தாத்தா வாங்கின அடிக்கு மரியாதை இல்ல.

2 ஜூன்

வரி இருக்கற பாட்டு பத்தியும் எழுதுங்கன்னு கேட்டிருக்கீங்க. அப்ப கொர்ரிதோ. கதைப்பாட்டு, நடந்த சம்பவம், ஊர் பேர், தேதி எல்லாம் வரும். பார்டர்ல பெரிய தலைக்கட்டு கொர்ரிதோ கிரெகோரியோ கோர்த்தெஸோடது. 1901 ஜூன் 12, கார்ன்ஸ் கவுண்டில ஷெரீஃப் வர்றார், குதிரைத் திருட்டு விசாரணை. மொழிபெயர்க்க கூட வந்தவனுக்கு அரைகுறை ஸ்பானிஷ். கபாயோ, அதாவது ஆண் குதிரை, கைமாத்தினியான்னு கேக்கறான். கோர்த்தெஸ் இல்லங்கறார். அவர் மாத்தினது யெகுவா, பெட்டைக் குதிரை. காளை வித்தியான்னா பசு வித்தவன் இல்லன்னுதானே சொல்வான்? பொய் சொல்றான்னு முடிவு பண்ணி கைது பண்ணப் போக, கோர்த்தெஸோட அண்ணன் மேல குண்டு, ஷெரீஃப் மேல குண்டு, ஷெரீஃப் செத்தார். பத்து நாள் துரத்தினாங்க. நூத்துக்கணக்கான ஆளுங்க, ஒத்தை ஆள். லரேடோ பக்கம் பிடிச்சாங்க, 1913ல மன்னிப்பு கொடுத்து விட்டாங்க.

இத ப்ரவுன்ஸ்வில்காரர் அமெரிக்கோ பரேதெஸ் யுனிவர்சிட்டில ஆராய்ச்சியா எடுத்து 1958ல புத்தகமா போட்டார், டெக்சஸ் ரேஞ்சர்ஸ்ங்கற மாநிலப் போலீஸ் படைய பத்தி அதுவரைக்கும் பெருமையா மட்டும் எழுதிட்டு இருந்த இடத்துல, எதிர்க்கரை ஜனம் எப்படி பாடிச்சுன்னு காட்டினார். பேத்தி தலைமுறைக்கு அது வேதம் மாதிரி. தாத்தா புத்தகம் படிச்சதில்ல, பாட்டு முழுசும் தெரியும்.

21 ஜூன், சான் டியாகோல இருந்து

ஆபீஸ் வேலையா வந்தேன், மத்தியானம் சிக்கானோ பார்க் போனேன். பார்க்குன்னா புல்வெளி, குளம்னு நினைக்காதீங்க. தலைக்கு மேல கொரொனாடோ பாலம், லாரி போறப்ப எல்லாம் தடக் தடக்னு கான்கிரீட் அதிருது, தூண் ஒவ்வொண்ணுலயும் அடி முதல் உச்சி வரைக்கும் சித்திரம். கழுகு, பாம்பு, குவாடலுப்பே மாதா, மெக்சிகோ புரட்சித் தலைவர் சபாட்டா, திராட்சைத் தோட்டக் கூலிங்க. வெயில் தெரியாத இடத்துல அவ்வளவு நிறம்.

1963ல ஐ-5 ஹைவே மெக்சிகன் ஜனம் இருந்த லோகன் ஹைட்ஸ் பேட்டைய ரெண்டா அறுத்துது. 1969ல பாலம். வீடுங்கள இடிச்சு ஜனத்த அனுப்பிட்டு பார்க் தர்றோம்னாங்க. 1970 ஏப்ரல் 22 காலைல பாத்தா புல்டோசர் நிக்குது, என்னன்னு கேட்டா ஹைவே போலீஸ் ஸ்டேஷன் கட்டப் போறாங்க. ஸ்கூல் பசங்க, பாட்டிங்க, காலேஜ் பசங்க எல்லாம் கைகோத்து நின்னு, அதே புல்டோசர வெச்சே நிலத்த சமன் பண்ணி, கள்ளிச்செடி, மரம்னு நட்டு, 12 நாள் நகரல. தூண்ல வரையலாம்னு கனவு சொன்னவர் சல்வடோர் டோரெஸ், அந்தப் பேட்டைலயே வளந்த ஓவியர். 1973ல வரைய ஆரம்பிச்சாங்க.

சாக்ரமென்டோல இருந்தும் ஒரு கோஷ்டி வந்து வரைஞ்சுது, அவங்க கதை சொல்லியே ஆகணும். ரெபெல் சிக்கானோ ஆர்ட் ஃப்ரண்ட்னு பேர் வெச்சாங்க, சுருக்கி ஆர்சிஏஎஃப்னு போட்டா எல்லாரும் ராயல் கனடியன் ஏர் ஃபோர்ஸான்னு கேட்டிருக்காங்க. சரி வெச்சுக்கோன்னு ராயல் சிக்கானோ ஏர் ஃபோர்ஸ்னு மாத்திக்கிட்டு, விமானி தொப்பி, கண்ணாடி மாட்டிக்கிட்டு ஜீப்ல சுத்தினாங்க. விமானம் கிடையாது.

22 ஜூன்

நேத்து எழுதினத ஓட்டல்ல திரும்பப் படிச்சேன். போராடினாங்க, கிடைச்சுது, வரைஞ்சாங்கன்னு சினிமா கதை மாதிரி ஆயிடுச்சு. அப்படி முடியல. 90கள்ல பூகம்பத்துக்கு தாங்கற மாதிரி தூண்கள பலப்படுத்தணும்னு ஹைவே துறை வந்துச்சு, சித்திரம் போயிடும்னு மறுபடி மல்லுக்கட்டி காப்பாத்தினாங்க. 2016 கடைசில தேசிய வரலாற்றுச் சின்னம் ஆச்சு. அதே வருஷம் அக்டோபர்ல பார்க்ல விழா நடக்கறப்ப பாலத்துல இருந்து ஒரு டிரக் கீழ விழுந்து நாலு பேர் செத்துட்டாங்க. ஊர அறுத்த பாலம், அதுவேதான் சுவரு, அதுவேதான் கூரை. நான் போனப்ப ரெண்டு பொம்பளைங்க ஏணி போட்டு ஒரு முகத்துல காதுகிட்ட மட்டும் திரும்ப நிறம் பூசிட்டு இருந்தாங்க. என்ன பாத்து, "மேல தண்ணி ஒழுகுது, இந்த ஒரு காது வருஷா வருஷம் போயிடும்"னாங்க.

இங்க கொன்ஹுன்தோ எங்க கேக்கும்னு ஒரு பையன்ட்ட கேட்டேன், அவனுக்கு அந்த வார்த்தையே புரியல. பார்டர் கலைன்னு ஒரே மூட்டையா கட்டாதீங்கன்னு எழுதணும்னு இருந்தேன், ஆனா கட்டிட்டுப் போனது நான்தான்.

1 ஆகஸ்ட்

ஃப்ளாக்கோ ஹிமெனெஸ் நேத்து போயிட்டார். 86. அப்பா சாந்தியாகோ ஹிமெனெஸ், தாத்தா பத்ரீசியோ, மூணு தலைமுறை அக்கார்டியன். ரோலிங் ஸ்டோன்ஸ் கூட எல்லாம் வாசிச்சவர், கிராமி வாங்கினவர், இந்த ஊர் ஆள். வானொலில காலைல இருந்து அவர்தான்.

பக்கத்து வீட்டு தாத்தா பின்வாசல்ல உக்காந்திருந்தார். பாஹோ செஸ்தோ மடில. வெறும் பேஸ் மட்டும் வாசிச்சுட்டு இருந்தார், அக்கார்டியன் வரவேண்டிய இடத்த காலியா விட்டு, நேரம் பிடிச்சு, அடுத்த அடி. நான் வேலிய தாண்டி கூப்பிடல.

14 செப்டம்பர்

ரொம்ப நாள் ஆச்சு. சித்திரம்னதும் ஞாபகம் வந்துச்சு, டவுன்டவுன்ல நான் தினமும் பஸ் இறங்கற இடத்துல ஒரு ஆஸ்பத்திரி சுவர்ல ஒன்பது மாடி உயரத்துக்கு ஓடு பதிச்ச சித்திரம் இருக்கு, ஒரு பையன், கைல புறா, பின்னால தேவதை. ஜெஸ்ஸி ட்ரெவின்யோ பண்ணது, 1997. நியூயார்க்ல ஓவியம் படிச்சுட்டு இருந்தவர வியட்நாமுக்கு இழுத்துட்டுப் போனாங்க, அங்க அடிபட்டு வலது கை போச்சு. வரையற கை. திரும்பி வந்து, இடது கையால முதல்ல இருந்து கத்துக்கிட்டார். அதுக்கப்புறம் அவர் வரைஞ்சது பூரா இந்த ஊர் மெக்சிகன் பேட்டையான வெஸ்ட் சைட்: ராஸ்பா (ஐஸ் துருவல்) வண்டிக்காரர், பேக்கரி, தன் அண்ணன் தம்பிங்க வரிசையா நிக்கறது. 2023ல காலமானார்.

இத எழுதிட்டு வந்தப்பதான் உறைச்சுது, நான் இந்த இழைய நார்சிஸோவோட இடது கைல ஆரம்பிச்சேன். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல, சும்மா தோணிச்சு.

9 நவம்பர்

என் அவமானம், கேட்டுக்கிட்டே இருக்கீங்க. அடகுக்கடைல ஒரு பழைய ஹோனர் அக்கார்டியன் வாங்கினேன், கடைக்காரர் நல்ல சுருதின்னார். தாத்தாகிட்ட கொண்டு போனேன். ரெண்டு பட்டன் அமுக்கிப் பாத்துட்டு, ஒரு ரீடு செத்துப்போச்சு, இன்னொண்ணு சாகப்போவுதுன்னார். மாசக் கணக்கா ஒரே ஒரு போல்கா, அதுலயும் இழுக்கற இடத்துல தள்ளிடறேன், தள்ளற இடத்துல இழுத்துடறேன். இடது கைய வேற தெரியாம பேஸ் பட்டன்ல வெச்சுட்டேன். அவர் பாஹோ செஸ்தோவ கீழ வெச்சுட்டு, "மிஹா, அந்தக் கை எதுக்கு? நான் இங்க எதுக்கு உக்காந்திருக்கேன்?"

பேத்தி வீடியோ எடுத்துட்டா. என் பொண்ணு அத பாத்து இங்கிலீஷ்ல சிரிச்சா.

கேள்வி கேட்டவர் அடுத்த மே மாசம் மறுபடி வர்றதா எழுதியிருக்கார். வாங்க. ஆடறவங்க எல்லாரும் கடிகாரத்துக்கு எதிர்ச்சுத்தா போவாங்க, நடுவுல நின்னு போன்ல படம் எடுக்காதீங்க, இடிச்சுத் தள்ளிடுவாங்க. அடி தெரியலன்னா தாக்குவாச்சீத்தோன்னு ஒண்ணு இருக்கு, தாக்குவாச்சேன்னா பொசம்னு ஒரு ராத்திரிப் பிராணி, அது மாதிரி கால தரையோட இழுத்து இழுத்து மெதுவா போறது. முட்டி வலிக்கறவங்களுக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும்.